பதினேழாம் எண்

சித்ரா என்றால் இங்கே பெண்ணல்ல, தீவு.
அங்கே எனக்கு வேலை
எண்ணெய்த் தொட்டிகளின் பெயின்ட்டைச் சந்தேகப்படுவது.
நாற்பது மீட்டர் அகலத் தொட்டியின் தோலில்
கருவியை ஒற்றி
இருநூற்றைம்பது மைக்ரான் இருக்கிறாயா என்று கேட்பேன்.
இல்லையென்றால் சிவப்புச் சாக்பீஸ்.
என் வட்டங்களைக் கண்டால்
சாரத்தில் நிற்பவர்கள் அவரவர் மொழியில்
என் பிறப்பைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை அத்லியாவில்,
சலூனுக்கு மேலே ஒரு மாடிக்கடை.
அங்கே உலகத்தின் உயரம் இருபத்தெட்டு மில்லிமீட்டர்.
கண்ணாடிப் பெட்டியில் நாற்பத்தொரு பேர்:
கோடரிக் குள்ளர்கள், பல்லிமுகத் தளபதி,
பீரங்கியைத் தள்ளும் தொப்பிப் பட்டாளம்.
பெயர் கிடையாது, எண் மட்டும்.
மேலே விரல் படக்கூடாது,
பீடத்தைப் பிடித்துத் திருப்பலாம்.

ஜாசிம் பல் மருத்துவர். வாய்க்கண்ணாடியோடு வருவார்;
மேலங்கியின் உட்புறம், குதிரையின் அடிவயிறு,
யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்ட இடங்களிலெல்லாம்
சொத்தை தேடுவார்.
ரோடெல் கேக்கில் கிரீம் பூ போடுபவன்,
நல்ல சிவப்பைக் கண்டால் கண்கலங்கிவிடுவான்.
இரக்கமில்லாத ஆள் ஒருவர் வேண்டுமென்றுதான்
என்னைக் கூப்பிட்டார்கள்.

ஒன்பதாம் எண்: அச்சுவரியைச் சுரண்டவில்லை.
நெற்றியிலிருந்து முகவாய் வரை கோடு,
ரெண்டாகப் பிறந்து ஒட்டிக்கொண்டவன் மாதிரி.
இருபத்திரண்டு: பேயறைந்த கண்.
நட்டநடுவில் புள்ளி வைத்தால் யாரும் அப்படித்தான் விழிப்பார்கள்;
ஓரமாக வைத்திருந்தால்
எதிரி எங்கோ இருக்கிறான் என்றாவது நம்பியிருப்பேன்.
முப்பது: பாலைவன வீரன். பீடத்தில் அசல் மணல்,
ஸகீரில் அள்ளியது என்று அட்டையில் எழுதியிருந்தது.
இந்த அளவில் ஒரு மணல்துகள் கருங்கல்.
பாவம், ஜல்லிக்குவியலில் நிற்கிறான்.
நிஜத்தைக் கொண்டுவந்ததற்கு மூன்று மதிப்பெண் குறைத்தேன்.

பிறகு பதினேழு.
ஒற்றைக் குதிரைவீரன், நீலச் சட்டை.
கடிவாளத்தின் தையல்கூடத் தெரிகிறது.
தோளிலிருந்து குளம்பு வரை மெல்லிய வெண்மை,
இறங்கியும் இறங்காமலும்.
“விடியற்காலை மூட்டம்,” என்றார் ஜாசிம், குரலைத் தாழ்த்தி.
“எப்படிச் செய்திருப்பான்?” என்றான் ரோடெல்.

எப்படி என்று எனக்குத் தெரியும்.
ஆகஸ்ட். பால்கனி. காற்றில் பாதி தண்ணீர்.
இருபது ராத்திரி வேலையின் மேல்
கடைசியாக வார்னிஷ் ஸ்பிரே.
ஈரம் சிக்கி வெளுத்துவிட்டது.
எங்கள் படிவத்தில் அதற்கொரு கட்டமே உண்டு:
பூச்சு வெளுப்பு, ஏற்கத்தக்கதல்ல.

வாயைத் திறந்தேன்.
ரோடெல் டார்ச்சைக் கொஞ்சம் சாய்த்தான்.
குதிரையின் மூக்கருகே வெண்மை கூடியிருந்தது,
இப்போதுதான் மூச்சு விட்டதைப் போல.
வாயை மூடிக்கொண்டு ஒன்பது போட்டேன்.

முதல் பரிசு. பெயரைப் படித்தார்கள்: ஹாலா.
மருந்துக்கடை வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்த
எகிப்துக்காரி.
மூட்டம் பிரமாதம் என்று எல்லோரும் கைகுலுக்க
சிரித்தாள், சிரித்தாள்,
கூட்டம் பிரியாணிப் பக்கம் நகர்ந்ததும் என்னிடம் வந்தாள்.
“கெட்டுப்போச்சு. விடியும்வரை அழுதேன்.
மூன்று தினார் கட்டியாகிவிட்டதே என்று கொண்டுவந்தேன்.
நீங்கள் பெயின்ட் ஆளாமே,
இதைச் சரிசெய்ய வழி உண்டா?”

உண்டு. ஈரமில்லாத அறை,
பளபளப்பு வார்னிஷ் ஒரு கை, மெல்லிசாக.
நீலம் நீலமாகவே திரும்பி வந்துவிடும்.
அவள் ஒரு கையில் கோப்பை, இன்னொன்றில் குதிரை.
“தெரியலையே,” என்றேன்.
பதினோரு வருஷத்தில் நான் கொடுத்த ஒரே பொய் அறிக்கை.
அவள் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சனிக்கிழமை, ஏழாம் தொட்டி, வடக்குப் பக்கம்.
ராத்திரி ஈரத்தில் அடித்தது
ஆளுயரத்துக்கு வெளுத்திருந்தது.
சாக்பீஸை எடுத்துக்கொண்டு
ரெண்டு நிமிஷம் சும்மா நின்றேன்.
மேலே சாரத்தில் பேச்சு நின்றது.
பிறகு வட்டம் போட்டேன்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக,
ஒரு குதிரை உள்ளே நின்று திரும்பத் தோதாக.